எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத லோரி

மலேசியாவின் துறைமுக ஊரான கிள்ளானில் எங்கள் பாஸ் புது டிரெய்லர் லோரி வாங்கியபோது, அதை யார் ஓட்டுவது என்று பெரிய பேச்சே நடந்தது. அவருடைய பழைய லோரியைப் பல வருடமாக ஓட்டியவள் நான்தான். ஆனால் அவர் தம்பிக்குப் புது வண்டி மேல் ஒரு கண். பாஸின் மனைவிக்கோ, முதலில் ஒரு பெண் ஏறுவது ராசிதானா என்று சந்தேகம். கடைசியில் பாஸ், "பூசையன்னைக்கு நீயே எடுமா, பார்ப்போம் லா" என்றார். அந்தப் 'பார்ப்போம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. ஓட்டத் தெரிந்தவளிடம் பார்க்க என்ன இருக்கிறது?

லோரிகள் நிறுத்தும் யார்டில் பூசை முடிந்ததும் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதல் உருட்டிலேயே பழம் நசுங்க வேண்டும். பழைய லோரியில் செய்வதுபோல, கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, முன் டயரைப் பார்த்தபடியே எடுக்கச் சொன்னார் பாஸ். சரியென்று கதவைத் திறந்தேன். பார்க்கிங் பிரேக் பட்டனை அழுத்தி, ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இஞ்சின் உறுமியது. வண்டி அசையவில்லை.

இன்னொரு முறை மிதித்தேன். அதே கதைதான்.

"ஐயோ, வண்டி பழத்தத் தாண்ட மாட்டேங்குதே!" என்று பாஸின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தம்பி ஒரே தாவலில் படியில் ஏறி, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, "எறங்கு, நான் எடுக்கறேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் டேஷ்போர்டில் பிரேக்கின் சிவப்பு விளக்கு அணையாமல் இருந்ததைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பழைய லோரியில் பார்க்கிங் பிரேக்குக்கு ஒரு கைப்பிடி. அதைத் தள்ளினால் காற்று நேராகப் பாயும், சக்கரத்தை இறுக்கியிருக்கும் ஸ்பிரிங் விட்டுவிடும். கதவு திறந்திருக்கிறதா, டிரைவர் தூங்குகிறாரா என்றெல்லாம் அது கேட்காது. புது லோரியில் பட்டன் காற்றைத் திறப்பதில்லை. கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்கிறது, அந்தப் பெட்டி மனது வைத்தால்தான் காற்று போகும். கதவு திறந்திருந்தால் டிரைவர் இறங்கப்போகிறார் என்று முடிவுகட்டி, அது பிரேக்கை விடவே விடாது. பூச்சோங்கில் நடந்த பயிற்சியில் இதைச் சொன்னார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டும், பூசைப் பரபரப்பில் மறந்துவிட்டேன். தம்பி அந்தப் பக்கமே வரவில்லை.

"சின்ன பாஸ், எறங்குங்க. நீங்க எறங்கினாத்தான் வண்டி போகும்."

"என்ன, திமிரா?"

"திமிர் இல்ல. கதவ சாத்தணும். தொறந்திருந்தா பிரேக் விடாது."

"சாத்திட்டா பழம் எப்படித் தெரியும்?"

"பழம் தெரிய வேணாம். டயர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் லா."

பாஸ் தம்பியிடம், "எறங்குடா" என்றார்.

கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டி, பட்டனை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தது. பழம் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கூட்டம் கைதட்டியதுதான் கேட்டது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அங்கேயே நிறுத்தி இறங்கி, திருநீறு பூசிக்கொள்வதுதான் வழக்கம். தட்டோடு காத்திருந்தார்கள். தம்பியும் பக்கத்திலேயே நின்றார். நான் இறங்கினால் அந்த சீட்டில் யார் ஏறுவார் என்று எனக்குத் தெரியாதா? நான் நிறுத்தவில்லை. கேட்டை நெருங்கும்போது பாஸ் கூடவே ஓடி வந்து, "எங்கமா போற?" என்று கத்தினார்.

கண்ணாடியை இறக்கினேன்.

"போர்ட்டுக்கு, பாஸ். என் லோரிக்கு இன்னைக்கு வேலை இருக்கு லா."