இன்னாசி என்கிற நோயாளி

ஒஸ்யத்து ஒன்று கையில் வந்தால் சபிதா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். உயிலை இந்தப் பக்கத்தில் ஒஸ்யத்து என்றுதான் சொல்வார்கள். திருவாங்கூர் ராஜா காலத்துச் சொல். யாருக்கு எந்த விளைநிலம், யாருக்கு எந்தப் பிலாமரம் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகுதான். முதலில் சாட்சிக் கையொப்பங்கள். "ஆரு ஒப்பு போட்டிருக்கான்னு பாக்கணும். அவந்தான் கட்டிலுக்குப் பக்கத்தில நின்னவன். நோயாளியப் பத்தி அறியணும்னா கூட நின்னவங்கிட்டல்லா கேக்கணும்?" என்பாள்.

மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருடத்துக்கு மேல் நர்சாக இருந்துவிட்டு வந்தவள். நரை விழுந்த முடியை இன்னமும் டூட்டிக்குப் போகிறவளைப் போல இறுக்கி வலையிட்டிருப்பாள். புதுக்கடைச் சந்தைக்குப் பின்னால் வீடு. சாப்பாட்டு மேசையில் பாதி சாப்பிட. மறுபாதியில் பத்திர நகல்கள். கையுறை மாட்டாமல் அந்தப் பாதியைத் தொடமாட்டாள். வெறும் ஜெராக்ஸ் தாளுக்கு எதற்குக் கையுறை என்று கேட்டால், "கைக்கு அதில்லாம வேல ஓடல்ல" என்பாள். மஸ்கட்டிலேயே இருக்கிற கணவர் தினமும் போனில் முகம் காட்டி, "இன்னைக்கு வார்டில ஆரு?" என்று கேட்பார். "பழைய ஆளுதான். சுகமா இருக்காரு" என்று பதில் போகும்.

திருவனந்தபுரத்தில் நர்சிங் படித்ததால் மலையாளம் வாசிக்கத் தெரியும். அந்தக் காலத்துப் பத்திரங்கள் பாதிக்குப் பாதி மலையாளத்தில் இருக்கும். கூட்டெழுத்தில் மூச்சுவிடாமல் ஓடும் வரியை விரல் வைத்துப் பிரிப்பாள். பத்திரம் சொல்வதை நீல மையில் எழுதுவாள். ஆட்கள் வாயால் சொல்வதைச் சிவப்பில். இரண்டும் சொல்லாததற்கு ஒரு வரி வெற்றிடம் விட்டு அடுத்ததற்குப் போவாள். "தெரியாதத தெரியாதுன்னு இடணும். சும்மா நெரப்பினா பேஷண்டுக்குத்தான் கேடு."

அவளுடைய பழைய ஆள் இன்னாசி. இனயம் கடற்கரையில் பிறந்தவன். பேச்சிப்பாறையில் அணை கட்டக் கல் சுமக்க ஆள் எடுத்தபோது மலையேறினான். அணை எழும்பிய பிறகும் இறங்கி வரவில்லை. காணிக்காரப் பழங்குடிகளைத் தவிர வேறு ஆள் நடமாட்டமில்லாத ஒரு சரிவை வெட்டித் திருத்தி, முதலில் மரச்சீனிக் கிழங்கும் பிறகு நல்லமிளகும் வைத்தான். இன்று அந்தச் சரிவில் ரப்பர் மரங்களும், சின்னக் கோயிலும், கொஞ்சம் வீடுகளுமாக ஓர் ஊர் இருக்கிறது. பெயர் இன்னாசிவிளை. மலையில் கேட்டால், கல்யாணமாகாத இளவட்டமாக வந்தார், இங்கே மரியாளைக் கட்டினார், மூன்று ஆண்மக்கள் என்பார்கள். கடற்கரையில் கதை வேறு. கத்தரீனாள் என்ற மனைவியையும், எசபெல் என்ற கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனவன் அவன். கத்தரீனாள் தலையில் மீன் சுமந்து விற்று மகளை வளர்த்தாள். அந்த எசபெலின் பேத்திதான் சபிதாவின் அம்மா.

அம்மா இறந்து, வாரிசுப் பெயர் மாற்றுவதற்காகப் பழைய பத்திரங்களைப் புரட்டியபோதுதான் 'இன்னாசி மகள் எசபெல்' என்ற வரியைச் சபிதா முதன்முதலாகப் பார்த்தாள். அம்மாவின் அண்ணன் மரியஜானிடம் போய்க் கேட்டாள். எழுபது வயது வரை கடலுக்குப் போனவர். தொண்டை இன்னமும் அலைக்கு மேல் கேட்கிற தொண்டை. அன்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏட்டி, அந்தப் பேர இந்த வீட்டில எடுக்காத. பெத்த பிள்ளைய மணல்ல இட்டுட்டுப் போனவனுக்குப் பேரு ஒரு கேடா?" பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். சபிதா அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டாள். அப்படித்தான் ஆரம்பம்.

முதலில் அகப்பட்டது, இன்னாசி செத்த பிறகு மலையில் பிறந்த ஆண்மக்கள் மூவரும் எழுதிக்கொண்ட பாகப்பத்திரம். ஆள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. கோடாலி, மண்வெட்டி, செம்புக் குட்டுவப் பாத்திரம், பிலாமரக் கட்டில், துடுப்பு. துடுப்பு என்ற இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. தம்பி ஆன்றோவைப் போனில் கூப்பிட்டு, "கடல விட்டுப் போனவரு சாவது வர துடுப்பக் கூட வச்சிருக்காரு மக்கா" என்றாள். தேங்காப்பட்டணத்தில் படகு எஞ்சின் சாமான் விற்கிற ஆன்றோ கொஞ்சம் யோசித்தான். "அக்கா, அங்க டேமு உண்டல்லா? அக்கரைக்குப் போவ வள்ளம் வச்சிருப்பாரு."

சபிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதும் உள்ளதுதான்" என்றாள். துடுப்பை நீலத்தில் எழுதினாள். எதற்கு வைத்திருந்தான் என்ற வரியை வெறுமையாக விட்டாள்.

இன்னாசிவிளைக்குப் போகவர ஆரம்பித்தாள். அங்கே பிரிஜா என்பவள், இன்னாசியின் கொள்ளுப்பேரனைக் கட்டியவள், வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிறவள், அவளுக்கு மரச்சீனி அவித்துப் போட்டு, கல்லறையைக் காட்டி, அடுத்த முறை வரும்போது நல்ல மீன் கொண்டுவரச் சொல்லி அனுப்பினாள். கடற்கரையில் விட்டுப்போன குடும்பத்தைப் பற்றி, பெயர்களைச் சொல்லாமல், சபிதா மெதுவாகத்தான் சொன்னாள். பிரிஜா வாயில் கை வைத்தாளே தவிர, கோபப்படவில்லை. "நமக்குள்ள ரெத்தம் உண்டுன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள்.

பிறகுதான் ஒஸ்யத்து வந்தது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில், அதாவது 1937 வாக்கில் எழுதியது. வழக்கம்போலச் சாட்சிகளைப் பார்த்துவிட்டு மேலே ஏறியவள், நடுவில் ஒரு வரியில் நின்றாள். 'ஆற்றோரம் கிடக்கும் கீழவிளை, கடப்புறத்தில் வசிக்கும் என் மகள் எசபெலுக்கு.' மறக்கவில்லை அவன். இத்தனை பேர் இத்தனை வருடம் திட்டிய மனுஷன், சாகும்போது மகளுக்கு நல்ல நிலமாகப் பார்த்து எழுதியிருக்கிறான். சந்தோஷத்தில் அதை ஆன்றோவிடம் சொன்னாள். அதுதான் தப்பாகப் போயிற்று. கீழவிளையில்தான் பிரிஜாவின் வீடு இருந்தது.

ஆன்றோ மறுநாளே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டான். "கேஸுக்கு வழி உண்டுன்னு சொல்லுகாரு அக்கா. நீ ஒப்பு போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்." சபிதா வாயைத் திறக்கும் முன்பே சேதி மலைக்கு ஏறிவிட்டது. அடுத்த முறை மீன் பொதியோடு போனபோது பிரிஜா வீட்டுக் கேட்டில் சங்கிலி கட்டிக் கிடந்தது. உள்ளே நின்றபடியே பிரிஜா கேட்டாள்: "ஞங்க உங்களுக்குச் சோறு போட்டோம் அக்கா. நீங்க ஞங்களுக்க அடுக்களைய அளக்கவா வந்தியோ?"

மீனைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. புண்ணைத் திறந்து பார்ப்பது அவளுக்குப் புதிதல்ல. திறந்தால் கழுவிக் கட்டிவிட்டுத்தான் வரவேண்டும். இது திறந்தபடி கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஆன்றோவிடம், "நான் ஒப்பு போடமாட்டேன், நீயும் போடப்பிடாது" என்றாள். ஊர்த் திருவிழாவுக்குக் கூட அவன் அக்கா வீட்டுக்கு வரவில்லை.

மற்றவர்களாக இருந்தால் அத்துடன் மேசையைக் காலி செய்திருப்பார்கள். அவள் செய்யவில்லை. "ஒஸ்யத்துன்னா மருந்து எழுதிக் குடுத்த சீட்டு. குடிச்சாவளா இல்லியான்னு பாக்கண்டாமா?" என்று கணவரிடம் கேட்டாள். எசபெலுக்கு எழுதிய நிலம் எசபெல் கைக்கு வரவில்லை என்றால், என்னதான் நடந்தது? இன்னாசியின் பெயரில் தேடுவதை விட்டுவிட்டு எசபெலின் பெயரில் தேடினாள். பதிவாபீஸுக்கு மனு மேல் மனு போட்டு, மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து, ஒரு நகல் கிடைத்தது. இன்னாசி செத்து இரண்டு வருடம் கழித்துப் பதிந்த விடுதலைப் பத்திரம். கீழே எசபெலின் பெருவிரல் ரேகை.

தகப்பனார் எனக்கு எழுதிய கீழவிளையை என் சகோதரர்களுக்கே மனதார விட்டொழிகிறேன் என்று சொல்லியிருந்தாள் எசபெல். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். 'என் தாய் கத்தரீனாள் பேருக்கு, தகப்பனார் கல்லறையில் ஆண்டுதோறும் மந்திரிப்பு நாளில் பேர் வாசித்து மெழுகுதிரி ஏற்றி வரவேண்டியது.'

சபிதா கையுறையைக் கழற்றினாள். தாளில் இருந்த ரேகை மேல் தன் பெருவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். மலையேறிப் போய், தம்பிமார் முன்னால் நின்று, ஆற்றோர நிலத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த எசபெல், கடற்கரை வீட்டில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஒரு வரி வெற்றிடம்.

நகலை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். கேட்டில் சங்கிலி அப்படியே கிடந்தது. கம்பி வழியாகத் தாளை நீட்டி, "இதுல உங்களுக்கு ஒரு கேடும் இல்ல பிரிஜா. எசபெல் பாட்டி அப்பவே விட்டுக் குடுத்தாச்சு" என்று சொல்லி, மலையாளத்தைத் தமிழாக்கி வரிவரியாக வாசித்தாள். பிரிஜா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கடைசி வரியில் அந்தக் கை அவிழ்ந்தது.

"கத்தரீனாளா?"

"எங்க அம்மைக்க பாட்டிக்க அம்ம. இன்னாசிக்க மொத பெண்டாட்டி."

"ஐயோ என் மாதாவே, அந்தப் பேரு ஞங்க வருஷா வருஷம் வாயிக்கோமே! இன்னாசி, மரியாளு, கத்தரீனாளு. ஆருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்குத் தங்கச்சியா இருக்கும்னு சிலவிய சொல்லும். எந்த மழயானாலும் அந்தத் திரிய முடக்கப்பிடாதுன்னு மாமியாரு சொல்லிட்டுல்லா செத்தாவ." சொல்லிக்கொண்டே சங்கிலியை அவிழ்த்தாள்.

சபிதா ஆன்றோவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "கேஸு வேண்டாம்னு வக்கீலுகிட்ட நான் சொல்லிக்கிடுகேன்" என்றான்.

மரியஜானிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இனயத்தில் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தாள். பெயரை எடுக்காமல் வாசிக்க முடியவில்லை; எடுத்துத்தான் வாசித்தாள். கிழவர் கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"அங்க உள்ளவிய அவளுக்குத் திரி கொளுத்திச்சினுமா? இத்தற வருஷமும்?"

"ஓம் மாமா. ஒரு வருஷம் விடல்ல."

"நம்ம கோயில்ல கத்தரீனாளுக்கு என்னைக்காவது பூசைக்குப் பேரு குடுத்தோமாடி?"

பதில் அவருக்கே தெரியும். "வண்டி மல வர போவுமா?" என்று கேட்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறை மந்திரிப்பு நாளில், ஆன்றோதான் வண்டி ஓட்டினான். கல்லறைத் தோட்டத்தில் ரப்பர் இலைகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. பிரிஜா போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் மரியஜான் இன்னாசியின் கல்லறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உபதேசியார் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். இன்னாசி. பிரிஜாவின் கணவன் ஒரு திரியை ஏற்றினான். மரியாள். இன்னொன்று. கத்தரீனாள் என்றதும் பிரிஜா மூன்றாவது திரியைச் சபிதாவின் கையில் கொடுத்தாள். சபிதா அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. மாமாவின் கக்கத்தில் கை கொடுத்து, நோயாளியைத் தூக்கும் பழக்கத்தில் ஒரே வீச்சில் எழுப்பி நிறுத்தி, திரியை அவர் விரல்களுக்குள் வைத்தாள்.

திரும்பினார். குனிந்து ஏற்றினார். மலைக்காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார். படகில் பீடி பற்றவைக்கிறவர்கள் செய்வது போல ஒரு கையைச் சுடருக்கு மறைவாக வளைத்து, இன்னாசியின் கல்மேல் குனிந்தபடியே நின்றார். மெழுகு விரலில் வழிந்தது, கையை எடுக்கவில்லை. காற்று மறுபக்கத்திலிருந்தும் அடித்தது. சபிதா ஈர மண்ணில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, தன் உள்ளங்கையையும் சுடருக்கு மறுபுறம் வளைத்து வைத்தாள்.