தண்ணீரைப் பார்த்து நிற்கும் செருப்புகள்

கரையில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாகக் குனிந்து எடுத்து, முனை தண்ணீரைப் பார்க்கும்படி தட்டைப் பாறையில் வைத்துக்கொண்டிருந்தார் அந்தக் காவல்காரம்மா. குப்புறக் கிடந்ததை நிமிர்த்தினார். வார் அறுந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இத மாட்டிகிட்டா இவ்ளோ தூரம் ஏறி வந்தீங்க? உங்க வீட்டுல யாரோ நல்லா வேண்டிக்கறாங்க" என்றார்.

வயது ஐம்பத்திரண்டு. தேசியப் பூங்காவின் மூன்றாவது அருவிக்குக் கீழே இருக்கும் மடுவில் குளிப்பவர்களுக்கு அவர்தான் காவல், பதினெட்டு ஆண்டுகளாக. காக்கிச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்திருப்பார். கழுத்தில் தொங்கும் விசிலின் வாயில் பல் பதிந்த தடம். பிள்ளைகளுக்கு அவர் 'விசிலக்கா'. நரைத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. கண் தண்ணீரிலேயே இருக்கும். மரியாதை தெரியாதவர் என்று முதலில் நினைத்தேன்.

"செருப்பு இங்க இருந்தா ஆளு தண்ணிக்குள்ள. செருப்பு போயிட்டா ஆளும் ஏறியாச்சு. அவ்ளோதான் சார் நம்ம கணக்கு."

நான் நாற்பத்தொரு ஆண்டுகள் ஒரு மருந்துக் கிடங்கில் இருப்புப் பதிவேடு எழுதியவன். "ஒரு பதிவேடு வச்சுக்கலாமே" என்றேன்.

"பேரு எழுதாம குதிக்கறவன எந்தப் பக்கத்துல சார் தேடறது? செருப்பில்லாம எவனும் இந்தக் கல்லுல நடந்து வரமாட்டான்."

தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால் மேலே மழை என்று பொருளாம். மூன்று நீண்ட விசில் கொடுப்பார். பாறையில் ஒரு செருப்பு மிச்சமிருந்தாலும் இடத்தைவிட்டு நகரமாட்டார்.

என் மகள், மாப்பிள்ளை, பேத்திகள் இருவர், நான் என்று ஐந்து பேர் போயிருந்தோம். முதல் அருவி 9.10. இரண்டாவது 10.35, அங்கே சாரல் மட்டும்தான். மூன்றாவதில்தான் நீந்த முடியும் என்பதால் நால்வரும் இறங்கினார்கள். இளையவளுக்கு ஏழு வயது. வீட்டில் 'வாலு' என்றால்தான் திரும்புவாள்.

1.15க்குப் பாறையில் வெயில் ஏறியது. வாலுவின் நீலச் செருப்பைப் போலவே பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. மாறிப்போகும் என்று பட்டது. வழுக்குப் பாறையில் ஏறிய இளவட்டங்களைத் திட்ட விசிலக்கா எதிர்க்கரைக்குப் போயிருந்தார். எங்கள் நான்கு ஜோடிகளையும் துணிப்பையில் போட்டு, மேலே கொட்டகை நிழலுக்குக் கொண்டுபோனேன். அது ஒழுங்கு என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

2.40க்குத் தண்ணீர் நிறம் மாறியது. மூன்று விசில். குளித்தவர்கள் அடித்துப்பிடித்து ஏறி, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். விசிலக்கா பாறையைப் பார்த்தார். வெறும் பாறை. "ஆச்சு, எல்லாரும் மேல போங்க" என்று தானும் ஏறினார்.

மகளும் மூத்தவளும் வெறுங்காலோடு இந்தப் பக்கமாக ஏறி வந்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கமாக வந்தார். பையைத் திறந்து செருப்புகளை எடுத்து வைத்தேன். மூன்று ஜோடிகள் கால்களில் ஏறின.

"சின்னவ எங்கங்க?" என்றாள் மகள்.

"உங்கூட வரலையா?"

நீலச் செருப்பைக் கையில் எடுத்தேன். பத்தடி தூரத்தில் நின்ற விசிலக்கா என் கையைப் பார்த்தார். "எத்தன பேரு?" என்று கேட்டார். ஒரு விரலைக் காட்டினேன். அதற்குள் பாதி சரிவு இறங்கிவிட்டார்.

விழும் தண்ணீருக்குப் பின்னால் பாறையில் ஒரு பொந்து உண்டு; அங்கே விசில் கேட்காது. கரையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போனார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை முதுகில் உப்புமூட்டை தூக்கி வந்தார். "உள்ள வீடு மாதிரி இருக்கு தாத்தா" என்றாள் வாலு. அப்போது தட்டைப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது.

மாப்பிள்ளை கத்தினார். "எண்ணிப் பாக்கமாட்டீங்களா? சும்மா ஊதறதுக்கா உங்கள நிக்க வச்சிருக்காங்க?"

"எண்ணினேன் சார். தப்பிடுச்சு." சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. கண் தண்ணீரிலேயே இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். "நீங்க உக்காருங்கப்பா, உங்களுக்குப் படபடன்னு வந்துடும்" என்றாள் மகள். உட்கார்ந்தேன். காலிப் பையை நான்காக மடித்தேன். பிறகு எட்டாக மடித்தேன்.

வாசல் அலுவலகத்தில் புகார்ப் புத்தகம் கேட்டார் மாப்பிள்ளை. "யோசிச்சு எழுதுங்க சார். குழந்தை விஷயம்னா அந்தம்மாவுக்கு வேலையே போயிடும்" என்றார் அலுவலர்.

"போகட்டும். மாமா, உங்க எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும். நல்லா காரமா எழுதுங்க."

'கவனக்குறைவால்' என்று தொடங்கினேன். யாருடைய கவனக்குறைவு என்று எழுதாமல் அடுத்த சொல்லுக்குப் போகமுடியவில்லை. ஒன்பது வரிகள் எழுதினேன்: நேரம், ஜோடிகளின் எண்ணிக்கை, காவலரிடம் சொல்லாமல் அவற்றை எடுத்தவன் நான் என்பது, அவர் கணக்கு சரியாக இருந்தது என்பது, குழந்தையை மீட்டவரும் அவரே என்பது. ஃபோனில் தன் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே, படிக்காமல் அடியில் கையெழுத்திட்டார் மாப்பிள்ளை. எழுத எனக்குக் கை வந்தது. வாய் இன்றுவரை வரவில்லை. வீட்டார் இப்போது நான் எழுதும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

காவலரும் கையெழுத்திடவேண்டும் என்பது விதி. இருபது நிமிடம் கழித்து, தலை சொட்டச் சொட்ட வந்தார். உதடு அசைய ஒன்பது வரிகளையும் படித்தார். மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"கொடுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை ஃபோனோடு குனிந்தார்.

விசிலக்கா உள்ளங்கையை விரித்து அந்த வரிகளின்மேல் வைத்தார். "மை இன்னும் காயல சார்" என்றார். நான் எழுதியது பால்பாயின்ட் பேனாவால். வைத்த கையை எடுக்காமலே, மறு கையால் அடியில் கையெழுத்துப் போட்டார்.