ரிஸ்வி நானாவும் பிழையாய்ப் போன நாற்பது தோட்டாக்களும்

ரிஸ்வி நானா இன்று விடியற்காலை மௌத்தாகிவிட்டார். ஹார்ட் அட்டாக்... அஸர் தொழுகையோடு அடக்கமும் முடிந்ததாம். நான் கிளாஸ் முடிந்து வந்து போனைப் பார்த்தபோது எல்லாமே முடிந்திருந்தது.

தெரியாதவர்களுக்கு: நாங்கள் பயிற்சிக்குப் போகும் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவர்தான் ஸ்டோர் பொறுப்பு. பெரியவர்களின் ரைஃபிள்களுக்குத் தோட்டா நிரப்புவதும் அவர்தான். ஸ்கூல் பிள்ளைகள் எங்களுக்கு ஏர் ரைஃபிள் மட்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் மூன்று பேருக்கும் சனிக்கிழமைகளில் மீன் வைத்த மாலுபாண் வாங்கி வைத்திருப்பார். "குறி தப்புறது கண்ணால இல்ல தங்கச்சி, பசியால" என்பார்.

முதல் நாளே என் அம்மா அவரிடம் நேரே சொல்லிவிட்டார். உண்மையான தோட்டாப் பக்கம் மகள் போனால் அன்றோடு எல்லாம் நிற்கும் என்று. நானாவும் தலையாட்டினார்.

ஆனால் போனேன். கெஞ்சிக் கெஞ்சி நான்தான் போனேன்.

பித்தளைக் கோதில் வெடிமருந்து போட்டு, பாய்கிற குண்டான ரவையை மேலே வைத்து பிரஸ்ஸில் அழுத்துவார். நான் ஒவ்வொன்றின் நீளத்தையும் கலிப்பரால் அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அன்றைக்கு நாற்பது தோட்டா. முதல் ஐந்தும் ஒரே நீளம். அந்த நேரம் அம்மாவின் போன் கோல்... பதறிப்போய், மிச்சம் முப்பத்தைந்துக்கும் அதே நம்பரை எழுதிவிட்டு ஓடிவிட்டேன்.

அடுத்த சனி, ஒரு அங்கிள் சுட முன்பு தன் கலிப்பரால் அளந்து பார்த்தார். ஒன்றைவிட ஒன்று கட்டை. ரவை அளவுக்கு மேலே உள்ளே போனால் அமுக்கம் ஏறும். ரைஃபிள் முகத்திலேயே வெடிக்கவும் கூடும்.

யார் அளந்தது என்று அங்கிள் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். 

"என்ட வேலதான் சேர்" என்றார் நானா. என் எழுத்து இருந்த தாளை மடித்து பொக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஸ்டோரில் பிழையைத் தேடினார். பிரஸ்ஸின் நட் இறுக்கமாகத்தான் இருந்தது. டை என்கிற அச்சைக் கழற்றி, ரவையின் மூக்கை அழுத்தும் சின்னக் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கிரீஸும் செம்புத் தூளும் கறுப்பாய்ச் சேர்ந்து இறுகியிருந்தது.

"காதுக் குறும்பி மாதிரி ஈக்கி, பாருங்க" என்று பல்குத்தும் குச்சியால் சுரண்டினார். அது சேரச் சேர ஒவ்வொரு ரவையும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. ஆறாவதையும் ஏழாவதையும் அளந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

அழுதுகொண்டே சொன்னேன், நான் அளக்கவில்லை என்று.

"தெரியும் தங்கச்சி. நாப்பதும் ஒரே நம்பர். மெஷினுக்கே அப்படிச் செய்ய ஏலா."

ஏசவில்லை. நாற்பதையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். என்னைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துத்தான்.

கமிட்டி மூன்று மாதம் அவரிடமிருந்து ஸ்டோர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டது. அந்த மூன்று மாதமும் வெயிலில் நின்று, நாங்கள் குறிபார்த்துச் சுடும் டாகட் அட்டை மாற்றினார். மாலுபாண் மட்டும் நிற்கவில்லை.

இன்றைக்கு கிளப் குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நல்ல மனுஷன். அந்த ஒருக்கா கவனயீனமா இருந்தத விட்டா ஒரு குறையும் இல்ல."

அதைப் படித்ததிலிருந்து நித்திரை வரவில்லை. அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

கிளப் ஆட்களுக்கு: அந்தக் கவனயீனம் என்னுடையது. நானாவுடையது இல்லை. டீமில் இருந்து என்னை எடுப்பதென்றால் எடுங்கள். அம்மாவுக்கு விடிந்ததும் நானே சொல்கிறேன்.

நானா, உங்களுக்கு முன்னால் நின்று ஒருநாளும் தேங்க்ஸ் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

போய்ட்டு வாங்கோ நானா.