இதுவரை மொத்தம்

அந்தக் காலேஜ் வாத்தியாரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். தொண்ணூறுகளில் பீளமேட்டில் எங்கள் கேபிள்காரர், பேக்கரி மாடியில் ஒரு அறை பிடித்து உள்ளூர் சேனல் நடத்தினார். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு எண்ணும் நாளன்று, கேமரா முன்னால் உட்கார்ந்து நிலவரம் பேச அந்த வாத்தியாரைக் கூப்பிட்டார். எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை விழும் என்று வருஷக்கணக்காக நோட்டுப் போட்டு எழுதியவன் மில் கிளார்க்கான நான். எனக்குக் கிடைத்தது போன் பக்கத்து ஸ்டூல். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணீர்க் குரல், இஸ்திரி போட்ட சட்டை. அது போதுமாக்கும்!

ஒவ்வொரு சுற்று முடிந்ததும், எண்ணும் இடத்திலிருந்து கேபிள்காரரின் மச்சான் போன் செய்வார். அவர் சொல்வது அந்தச் சுற்றின் ஓட்டு அல்ல, முதலிலிருந்து அதுவரை எண்ணிய எல்லா ஓட்டும். அதைச் சீட்டில் எழுதி வாத்தியாரிடம் நீட்டுவது என் வேலை. முதல் இரண்டு சீட்டிலும் 'இதுவரை மொத்தம்' என்று தெளிவாக எழுதித்தான் நீட்டினேன். பேச்சு மும்முரத்தில் வாத்தியார் அதைக் கவனிக்காமல், இரண்டையும் கூட்டி அறிவித்தார்.

தப்பு எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாவது சீட்டிலிருந்து வெறும் எண்ணை மட்டும் எழுதினேன். கூட்டு ராசா, கூட்டு என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

ஆறாவது சுற்றில், பேக்கரியில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் படியேறி வந்துவிட்டார்.

"ஏனுங்க, நம்ம தொகுதில அத்தன ஓட்டே இல்லீங்களே! செத்தவங்களும் வந்து குத்திப்போட்டாங்களா?"

கேபிள்காரர் அவசரமாகப் பாட்டுப் போட்டார். வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டில் தலைப்பு இருந்தது, நாலில் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். இன்றைக்கு என் மானம் கப்பலேறியது என்றுதான் நினைத்தேன்.

பாட்டு முடிந்தது.

"தப்பு என்னுதுங்க. 'இதுவரை மொத்தம்'னு அண்ணன் தெளிவா எழுதித்தான் குடுத்தாருங்க. நாந்தான் பாக்காம கூட்டிப்போட்டேன்" என்று சொல்லி, இரண்டாவது சீட்டைக் கேமராவில் காட்டினார். மற்ற நாலையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏனுங்க, உங்க கையெழுத்து டிவில வந்துச்சுங்க! பக்கத்து ஊட்டு அக்காளையும் கூப்புட்டுக் காட்டுனேன்" என்றாள். நான் பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

தப்பை ஒத்துக்கொண்ட மனுசன் என்று ஊரே அவரைக் கொண்டாடியது. அடுத்த தேர்தலுக்கும் அவர்தான். அந்த நாலு சீட்டைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் எனக்கு வழி வைக்கவில்லை, அந்த நல்லவர்.