கூடைக்குப் போகாத கை

அம்மா படுக்கையில் கிடந்தபடியே கொழுந்து எடுக்கிறாள் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அவளுக்கு ஞாபகம் கலைந்துபோய் வெகுநாளாகிறது. முதலில் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அண்ணனைக் கங்காணி என்று நினைத்து அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு பேச்சும் அநேகமாக நின்றுவிட்டது. பேச்சு நின்றதும் கைகள் தொடங்கின. போர்த்தியிருக்கும் கம்பளியின் மேல் இரண்டு கையும் நுனி நுனியாகக் கிள்ளிக்கொண்டே போகும், தேயிலை மேல் போவது மாதிரியே.

பார்க்க வருகிறவர்களுக்கு அது ஒரு காட்சி. பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் வாசலில் நின்று, "என்னக்கா, இன்னிக்கு எத்தன கிலோ?" என்பாள். அண்ணி மலையிலிருந்து நனைந்து வந்து அடுப்படியில் கையைக் காய வைத்தபடி, "அவ்வளவு காலம் மலைக்குப் போன கை, சும்மா கெடக்குமா?" என்பாள். ராகலையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் போனில் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். கொழும்பில் இருக்கிற எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து அழுதார்களாம்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் பள்ளிக்கூடத்து டீச்சர். அம்மா கூடையை இறக்கி வைக்க வேண்டும் என்பதற்காகவே படித்தேன் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தவள். வேலை கிடைத்த கையோடு அம்மாவுடன் சண்டை போட்டு அவளை வீட்டில் உட்கார வைத்தேன். அவளுடைய கூடையை அண்ணி எடுத்துக்கொண்டாள். இப்போது படுத்த படுக்கையாகியும் இவள் வேலைக்குப் போகிறாளே என்று ஆத்திரமாக இருக்கும். கைகளைப் பிடித்து வைத்துக்கொள்வேன். விட்டதும் மறுபடி தொடங்கிவிடும்.

அது எப்போது வேகமெடுக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். நான் பள்ளி விட்டு வந்து, சீனி தூக்கலாகச் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றி அம்மாவுக்குக் கரண்டியால் ஊட்டுவேன். குடித்த கொஞ்ச நேரத்தில் கை பறக்கும். தேத்தண்ணி குடித்தால் மலைக்குத் திரும்ப வேண்டும், அந்தி நிறுவைக்குள் எடை சேர வேண்டும், சேராவிட்டால் பாதிச் சம்பளம்தான். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணன் கணக்கப்பிள்ளை குரலில், "எட வந்துருச்சி, எறங்குங்க எறங்குங்க" என்பான். எல்லாரும் சிரிப்போம்.

அப்படி இருக்கும்போது அம்மா சோற்றுக்கு முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் யாழ்ப்பாணத்து இளம் பெண். குனிந்து அம்மாவின் கையைத் தொட்டு, "அம்மா, எங்கயும் நோகுதோ?" என்று கேட்டார்.

மாதக்கணக்கில் வாய் திறக்காத அம்மா தலையைத் தூக்கினாள். "ஒன்னுமில்லைங்க தொர. நல்லா இருக்கேன்."

அவள் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சந்தோஷப்படவில்லை. "வீட்டில முனகுறவவோ? முகத்தைச் சுளிக்கிறவவோ?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். என்ன சொல்வது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அம்மா தனக்கே வந்தாலும் தெரியாத ஆள். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம் ஓடினாலும் யாராவது சொன்னால்தான் குனிந்து பார்ப்பாள். மழைக்கும் வெயிலுக்கும் தோட்டத்துத் துரை திட்டும்போதும் அதே முகம்தான்.

"சொல்லத் தெரியாத ஆக்களுக்கு வலி வேற விதமாத்தான் வெளியில வரும். வழமையில இல்லாத ஏதாவது செய்தா கவனியுங்கோ," என்றார் டாக்டர்.

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டோவில் வரும்போதுதான் குழப்பம் பிடித்தது. அம்மா செய்வது எல்லாம் வழமையில் உள்ளதுதானே. தூங்குகிறாள், விழித்துப் பார்க்கிறாள், கொழுந்து எடுக்கிறாள். இதில் இல்லாதது எதைத் தேடுவது?

விடுமுறை நாளொன்றில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு நேரே எதிர் மலையில் பெண்கள் நிரையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் அங்கேதான் நின்றாள். கிள்ளிக் கிள்ளிக் கை நிறைந்ததும், இரண்டு கையும் தோளுக்கு மேலே போய் முதுகுக் கூடையில் கொட்டும். திரும்ப வரும், கிள்ளும், கொட்டும். சும்மா அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினேன். கிள்ளினாள், கிள்ளினாள், கிள்ளிக்கொண்டே இருந்தாள். கை தோளுக்குப் போகவில்லை.

படுத்திருப்பதால்தான் முடியவில்லையோ என்று தலையணை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்தேன். அப்போதும் போகவில்லை. அண்ணி வந்ததும் காட்டினேன். அவள் ஈரத் துணியோடு நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தை கூடையில போடவே மாட்டேங்கிறாங்களே."

"இத்தனை நாளும் நீங்களும்தானே பார்த்தீங்க, அண்ணி?"

"நீங்களும்தான் பாத்தீங்க, டீச்சர்." கோபம் வந்தால் என்னை டீச்சர் என்பாள்.

இந்த லயத்தில் கொழுந்து தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை. வந்து நின்று சிரித்தவர்கள் எல்லாரும் வாழ்நாள் முழுக்க அதையே செய்கிறவர்கள். போனில் பார்த்து அழுதவர்களும் கூடை சுமந்த குடும்பங்கள்தான். கூடைக்குப் போகாத கொழுந்து என்ன கொழுந்து என்று யாரும் கேட்கவில்லை.

இது கொழுந்து இல்லையென்றால் வேறு என்ன? தேத்தண்ணிதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் கொடுக்காமல் இருந்து பார்த்தேன். கை அசையாமல் கிடந்தது. அதற்கடுத்த நாள் ஆறவைத்துச் சீனியில்லாமல் கொடுத்தேன். லேசாகத்தான் கிள்ளினாள். அண்ணி கரண்டிக் காம்பால் அம்மாவின் வாயைத் திறந்து பிடிக்க, நான் போன் வெளிச்சத்தை அடித்தேன். வெற்றிலைக் கறைக்குப் பின்னால், கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்து, ஈறு சீழ் கட்டி வீங்கிக் கிடந்தது. அந்தப் பல்லின் மேல்தான் நாள் தவறாமல் சூடும் சீனியும் ஊற்றியிருக்கிறோம். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

பல்லைப் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சோடு இருந்தவளைப் பல் டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். "ஒன்னுமில்லைங்க தொர," என்றாள் அம்மா, பஞ்சுக்குள்ளிருந்தே. சில நாட்களில் சோறு இறங்கியது. கைகள் கம்பளியின் மேல் அப்படியே ஓய்ந்து கிடந்தன.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மனம் அதோடு நிற்கவில்லை. அந்த வீடியோவை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் அம்மா கிள்ளுகிறாள், அண்ணன் எடை வந்துவிட்டது என்கிறான், என் சிரிப்பும் கேட்கிறது. அம்மாவின் முகம் சாந்தமாக இருக்கிறது. அதே முகத்தோடுதான் அவள் அத்தனை காலமும் மலையில் நின்றாள். அங்கே கை பறந்ததெல்லாம் வெறும் வேலைதானா, அதற்குள்ளும் வேறு ஏதாவது இருந்ததா? யாரைக் கேட்பது? கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

போன கிழமை கைகள் மறுபடி தொடங்கிவிட்டன. வாயைத் திறந்து பார்த்தேன், ஈறு நன்றாக ஆறியிருக்கிறது. இடுப்பை, குதிகாலை, வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். புரட்டி முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை. டாக்டரும் பார்த்துவிட்டு, ஒரு வலி மாத்திரை கொடுத்துப் பாருங்கோ என்றார். கொடுத்தால் சில நாள் ஓய்கிறது, சில நாள் இல்லை. இது வலியா வேலையா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவே இல்லை.

இன்றைக்கும் பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன். அண்ணி இறக்கி வைத்திருந்த கூடையைத் தூக்கிவந்தேன். எந்தக் கூடையை இறக்கி வைக்கச் சொல்லிச் சண்டை போட்டேனோ, அதே கூடை. அதை அம்மாவின் முதுகுக்குப் பின்னால், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி சாய்த்து வைத்தேன். அவள் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடும்மா," என்றேன். "ஒரே ஒரு தரம் கூடையில போடும்மா."