சப்பரத்துக்கு மேலே ஒரு நீல வயர்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த புதிதில் அதில் படமே கிடையாது. மற்றவர்கள் வீட்டு இன்டர்நெட்டில் இருந்தது. எங்கள் அப்பா நிறுத்தி வைத்திருந்தார். படம் எம்.பி.யைத் தின்னும், எழுத்து அவ்வளவாகத் தின்னாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே பத்து வயதில் நான் பார்த்த உலகம் முழுக்க வெள்ளைக் கட்டங்களால் ஆனது. தாஜ்மகால் ஒரு கட்டம். நீலத்திமிங்கலம் அதைவிடச் சற்றுப் பெரிய கட்டம். ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி இருக்கும்.

நாகல் நகரில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுத்தவர் கேபிள்காரர். டிவிக்கு வயர் இழுத்தவரே இதற்கும் இழுத்தார். மாதத்துக்கு நானூறு எம்.பி.; தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக்காசு. நானூறு எப்போது தீர்ந்தது என்பது அவர் ரசீதை நீட்டும்போதுதான் எங்களுக்குத் தெரியவரும். குடிதண்ணீரைக் குடம் குடமாக எண்ணிப் பிடித்துப் பழகிய ஊர் எங்களுடையது. ஆனால் குடம் கண்ணுக்குத் தெரியும், எம்.பி. தெரிந்து தொலைக்கவில்லை. மோடத்தின் பச்சை விளக்கு மினுக்கினால் ஏதோ ஒழுகுகிறது என்று நம்பி, அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து சுவிட்சை அணைப்பாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் இன்னொரு கேபிள்காரருடையது. அங்கே மாதம் ஒரே தொகை, எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம். முப்பதடி அகலத் தெருதான். அதைத் தாண்டி அவர் வயர் வராது. வாத்தியாரான அப்பா ஒவ்வொரு மாதமும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேபிள்காரரிடம் பாடம் நடத்துவார். “வேற ஆளு இருந்தா இந்த நிமிஷமே மாத்திருவேம்ப்பா” என்பார்.

“மாத்திக்கங்க சார். அங்கிட்டு உள்ளவரு இங்கிட்டு வர மாட்டாரு, நான் அங்கிட்டுப் போக மாட்டேன். அது எங்களுக்குள்ள பேச்சு” என்பார் அவர். போகும்போது, “எனக்கே மேல இருந்து அளந்துதான் சார் குடுக்குறாங்க” என்றும் சொல்வார். பால்காரனும் இதையேதான் சொல்கிறான் என்று அப்பா முணுமுணுப்பார். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. இடுப்பில் கட்டிங் பிளேயரைச் செருகிக்கொண்டு ஏணியோடு திரியும் அவரை, என் தாஜ்மகாலைப் பிடுங்கிக்கொண்ட ஆள் என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவின் தங்கை அப்போது எங்கள் வீட்டில் தங்கி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். துபாய்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மனுப் போட்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியையும் நாங்கள் கட்டமாகத்தான் பார்த்தோம். முப்பது வயதைத் தாண்டியவர்களை அவர்கள் எடுப்பதில்லை. சித்திக்கு இருபத்தொன்பது முடிய மூன்று மாதம் இருந்தது. இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் சொன்ன மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் எழுந்து போய் யூனிஃபாரத்தைத் துவைப்பாள். துவைத்ததையே துவைப்பாள்.

கம்ப்யூட்டரில் கேமரா வைத்துத்தான் நேர்முகம். முதல் தடவை நன்றாகத்தான் போனது. நோயாளிக்கு மூச்சு நின்றுவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பக்கத்து அம்மாள் கேட்டார். சித்தி வாயைத் திறந்தாள். லைன் நின்றுவிட்டது. இனிமேல் காசு மீறிவிடக் கூடாது என்று, அந்த மாதம்தான் நானூறு முடிந்ததும் தானாக நின்றுபோகும்படி கேபிள்காரரிடம் சொல்லி வைத்திருந்தவர் அப்பாதான். படத்தை நிறுத்தி மிச்சம் பிடித்த மனிதர், கேமராவும் படம்தான் என்பதை யோசிக்கவில்லை. சித்தி எழுந்து போய் யூனிஃபாரத்தைத் துவைத்தாள். அப்பா மூன்று நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு தேதி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. எங்கள் ஊருக்கு அது மாதா கோவில் திருவிழா ஞாயிறு. அப்பா போய், எத்தனை எம்.பி. ஆனாலும் காசு தருகிறேன், நிறுத்தாதே என்று கேபிள்காரரிடம் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் கெஞ்சினார். “நிறுத்த மாட்டேன் சார். ஆனா லைன் மேல இருந்து அத்துப்போச்சுன்னா நான் என்ன பண்றது? சத்தியமெல்லாம் பண்ண முடியாது” என்று அவர் கையை விரித்துவிட்டார். அளவில்லாத லைன் உள்ள எதிர்வீட்டு டீச்சர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து பேசலாம் என்றால், திருவிழாவுக்கு அவர் வீட்டில் முப்பது விருந்தாளிகள். கம்ப்யூட்டர் மேஜைமேல் பிரியாணிச் சட்டி ஏறியிருக்கும். “வயரு வேணும்னா இழுத்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார் டீச்சர்.

இங்கேதான் மாமா நுழைகிறார். அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். மைக் செட், சீரியல் செட் வாடகைக்கு விடுபவர். திருவிழாவுக்குத் தெருவின் குறுக்கே சீரியல் பல்பு கட்டுகிற வேலை வருஷாவருஷம் அவருடையதுதான். சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டு மாடியிலிருந்து எங்கள் ஜன்னலுக்கு ஒரு சீரியல் மாலையைக் கட்டினார். அதற்குள் நீல நிற நெட் வயர் ஒன்றைப் பின்னி, மேலே கலர்க் காகிதக் கொடிகளை ஒட்டிவிட்டார். “எவன் கண்டுபிடிக்கிறான்னு பார்ப்போம்” என்று மீசையைத் தடவினார். கண்டுபிடித்தால் டிவி, இன்டர்நெட் இரண்டையும் கேபிள்காரர் அறுத்துவிடுவார் என்று அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி, நீல வயரின் தைரியத்தில், அப்பா படத்தைத் திறந்துவிட்டார். கட்டமாக இருந்த ஆஸ்பத்திரி மேலிருந்து கீழாக மெல்ல நிறைந்து வந்தது. கண்ணாடிக் கட்டடம், வாசலில் ஈச்சமரங்கள். சித்தி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

பகல் சப்பரம் எங்கள் தெருவுக்கு நான்கு மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த வருஷம் வந்திருந்த பங்குச் சாமியார் புதியவர், கடிகாரக்காரர். இரண்டு இருபதுக்கே தெருமுனையில் பேண்டு செட் கேட்டது. சப்பரம் வந்தால் குறுக்கே கிடக்கிற சீரியலை ஒரு முனையில் அவிழ்த்து இறக்கி, போனபின் திரும்பக் கட்டுவது வழக்கம். இதை மட்டும் அவிழ்க்காமல் கம்பால் தூக்கிப் பிடிக்க மாமா இருப்பதாக ஏற்பாடு. ஜெனரேட்டர் மக்கர் பண்ணியதால் அவரைக் கோவிலுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். சப்பரம் வந்தால் ஓடிப்போய் அவரைக் கூட்டிவரும் வேலை என்னுடையது. நானோ பேண்டு செட்டுக்காரரின் பெரிய டிரம்மைப் பார்த்துக்கொண்டு அதன் கூடவே நடந்து வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துதான் நிமிர்ந்து பார்த்தேன். சப்பரத்துக்கு முன்னால், நீளமான கவைக்கம்போடு, வயர்களைத் தூக்கி வழிவிட்டபடி வந்தவர் கேபிள்காரர். அவர் எங்களைப் போல வேதக்காரர் இல்லை. ஆனால் வயரெல்லாம் அவருடையது. சப்பரம் பட்டு அறுந்தால் தெருவே அவரிடம் சண்டைக்கு வரும் என்பதால் வருஷாவருஷம் அவரே கம்போடு வந்துவிடுவார். எங்கள் சீரியலுக்குக் கீழே வந்ததும் நின்றார். அண்ணாந்து பார்த்தார். டீச்சர் வீட்டு மாடியைப் பார்த்தார். அங்கிருந்து மெல்லக் கண்ணை நகர்த்தி எங்கள் ஜன்னலுக்கு வந்தார். உள்ளே சித்தி கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், காதில் ஹெட்போனோடு, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

பின்னால் முதல் சப்பரம் நெருங்கிவிட்டது. வானதூதர் மிக்கேல் சம்மனசு, வாளை ஓங்கியபடி. அந்த வாள் நேராக எங்கள் வயரைக் குறிவைத்து வந்தது. “யோவ், அவுத்துவிடுய்யா!” “அத்துவிடுய்யா, தோள் வலிக்குது!” என்று தூக்கி வந்தவர்கள் கத்தினார்கள். கேபிள்காரரின் கை இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன். யாரும் கேட்காமலே என் வாயிலிருந்து ஒரு பொய் குதித்தது.

“அண்ணே, அது சீரியல் வயருண்ணே!”

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். “அப்படியா பாப்பா? கரண்டு இருக்குமோ?”

“இருக்குண்ணே! தொட்டா அடிக்கும்!”

அவர் மறுபடி எங்கள் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, “கரண்டு இருக்காம்யா! ஒருத்தனும் கையை வச்சுராதீங்க. சப்பரத்தை அப்படியே தாழப் பதிச்சு வாங்க!” என்று சத்தம் போட்டார். எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி, கவையில் வயரை ஏந்தி, நுனிக்காலில் நின்று உயர்த்திப் பிடித்தார். சம்மனசின் வாள் ஒரு சாண் இடைவெளியில் கீழே போனது. அடுத்து செபஸ்தியார். அதற்கு அடுத்து மாதா, நேர்ச்சையாக உப்பும் மிளகும் தூவுகிற கூட்டத்தின் நடுவே ஆமைபோல் வந்தாள். மூன்று சப்பரமும் தாண்டுகிறவரை அவர் கையை இறக்கவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. பகலில் சீரியலுக்கு ஏது கரண்டு, இதுகூடத் தெரியாமல் இந்த ஆள் எப்படிக் கேபிள் தொழில் பண்ணுகிறார் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கேள்வி கேட்டவர் மலையாளத்து நர்ஸ் சூப்பிரண்டாம். பேண்டு சத்தம் கேட்டு, “அங்கே பெருநாளா?” என்று விசாரித்திருக்கிறார். ஆமாம், சப்பரம் எங்கள் ஜன்னலைத் தாண்டுகிறது என்று சித்தி சொல்ல, கேமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னாராம். எங்கள் மாதா அன்றைக்குத் துபாய் வரை போய்வந்தாள். இரண்டு வாரத்தில் சித்திக்கு ஆர்டர் வந்தது.

வீட்டில் நான்தான் அந்த வருஷத்து வீராங்கனை. கேபிள்காரரை ஏமாற்றிய கதையை எல்லோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பொய் சொன்னது மட்டும் மனதை அரித்ததால் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். புதுச் சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சீரியலையெல்லாம் மாமா கழற்றிக்கொண்டு போனபிறகும் நீல வயர் மட்டும் அப்படியே இருந்தது. தொய்ந்து கிடந்த அது இப்போது முன்னைவிட உயரமாக, கம்பத்தோடு கறுப்பு டேக் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. மாமாவின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் கேபிள்காரர் வந்தபோது டிவிக்கு மட்டும் ரசீது எழுதினார்; இன்டர்நெட்டைக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என்னை முறைத்துவிட்டு, அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்து எங்கள் பக்கத்துக்கும் அவரே அளவில்லாத இன்டர்நெட் கொடுத்தார். அப்பா முதல் ஆளாகப் போய்ப் பேர் எழுதினார். அது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

போன டிசம்பரில் சித்தி ஊருக்கு வந்திருந்தபோது, நான் வழக்கம்போல என் வீரக்கதையை எடுத்துவிட்டேன். வயரை ஏற்றிக் கட்டியது பற்றி மாமாவைப் புகழ்ந்தேன்.

“நான் எங்க கட்டுனேன்? அந்த ஆளுதான் மறுநாள் ஏணியோட வந்தாரு. ‘இம்புட்டுத் தாழ்வாவா கட்டுவ, அறிவு வேணாம்?’னு என்னைத் திட்டிப்புட்டு, அவரே ஏத்திக் கட்டுனாரு. ‘என்னால குடுக்க முடியல. குடுக்குறவன்கிட்ட வாங்குறதை நான் எதுக்கு அறுக்கணும்?’னாரு” என்றார் மாமா.

சித்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர், கரண்டு இருக்குமா என்று பத்து வயதுப் பிள்ளையிடம் எதற்காகக் கேட்டார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த மூன்று மந்திரத்தில் ஒன்றைக்கூட அவருக்காகச் சொல்லவில்லை.