வேதாவின் கடப்பாரை

வேதா கடப்பாரையை ஓங்கினால் பக்கத்தில் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். கழுவிக் கவிழ்த்த இரும்பு டிரம்மின் அடியில் ஒரே குத்து. குத்தும்போது வாய்க்குள் ஒரு பெயரைச் சொல்லிக்கொள்வாள்: சகாதேவன். ஏதோ சாமி பெயர் என்று நினைத்து, கூட வேலை செய்யும் பாகம்பிரியாள் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். நல்ல சாமி!

திருவண்ணாமலை பக்கத்து அடி அண்ணாமலைக்காரி வேதா. புருஷன் கலையரசன் வெல்டர். ஒரு கார்த்திகை தீபத்துக்கு முன்னால், கிரிவலப் பாதையில் வைக்கும் குப்பைத் தொட்டிக்காகப் பழைய டிரம்களைப் பாதியாக வெட்டும் வேலை அவனுக்கு வந்தது. டிரம் கொடுத்தவன் காயலான்கடை சகாதேவன். "நல்லா கழுவியாச்சுப்பா, தைரியமா வெட்டு" என்றான். கழுவவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே பெயிண்டில் கலக்கும் தின்னர் மிச்சம் இருந்தது. நெருப்புப் பட்டதும் டிரம் வெடித்தது. கலையரசன் முகத்தைக் கூட அவளுக்குக் காட்டவில்லை.

ஸ்டேஷனில் சகாதேவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஆளுங்க கழுவிட்டோம்னு சொன்னாங்க சார். உள்ள என்ன இருந்துதுனு எனக்கு எப்படி சார் தெரியும்?" விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்கே அந்தப் பாவி நெற்றி நிறைய விபூதியோடு அன்னதானம் போட்டான். தெரிந்துதான் கொடுத்தேன் என்று அவன் வாயாலேயே வரவேண்டும், அதுவரை விடுவதில்லை என்று அன்றைக்கே வேதா முடிவு செய்தாள்.

அவனுக்கு டிரம் வருகிற பெயிண்ட் கம்பெனியிலேயே போய் வேலைக்குச் சேர்ந்தாள். ரசாயனம் வந்த காலி டிரம் அபாயக் கழிவு, அரசாங்க அனுமதி உள்ள ஆலைக்குத்தான் போகவேண்டும் என்று அங்கே சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தது. ஒட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக விற்றுக்கொண்டிருந்தார்கள்! வேதா டிரம்களைக் கழுவி ஓட்டை போட ஆரம்பித்தாள். ஓட்டை டிரம்மைத் தண்ணீர் பிடிக்க சகாதேவனிடம் எவன் வாங்குவான்? மேனேஜர் சுந்தரேஷ் கத்தினார்.

"மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல கேட்டுட்டு வரட்டுமா சார்?" என்றாள். அவர் தன் ரூமுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

சகாதேவனின் வியாபாரம் படுத்தது. வண்டியை விற்றான். அன்னதானம் நின்றது. வேதாவுக்கு மனம் குளிர்ந்தது, ஆனால் போதவில்லை.

இந்த வருஷம் தீபம் நெருங்கும்போது அவனுக்கு மறுபடியும் தொட்டி ஆர்டர் வந்தது. சுந்தரேஷின் கையைக் காலைப் பிடித்து உள்ளே வந்துவிட்டான். கழுவாத டிரம்கள் வரிசையாக நின்றன.

"இந்த ஒரு தடவ ஓட்டை போடாம குடுத்துடும்மா" என்றார் சுந்தரேஷ்.

"குடுத்துடறேன் சார்." வேதா ஷெட்டுக்குப் போய், பற்றவைக்காத கேஸ் கட்டரைக் கொண்டுவந்து சகாதேவன் கையில் திணித்தாள். "நல்லா கழுவியாச்சுண்ணா, தைரியமா வெட்டு. ஒண்ணே ஒண்ணு வெட்டிட்டு மிச்சத்த எல்லாம் ஏத்திக்க."

சகாதேவன் கட்டரைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினான். "பைத்தியமாடி உனக்கு? வெடிச்சிடும்! மூடியத் தொறந்தாலே தின்னர் நாத்தம் மூக்கத் தொளைக்குது, இத எவன் வெட்டுவான்?"

"அன்னிக்கும் உனக்கு மூக்கு இருந்துதில்ல?" என்றாள் வேதா.

பாகம்பிரியாள் ஐயோ என்று மார்பில் கைவைத்தாள். வேதா மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்கல்ல சார்? என் புருஷன் கேஸுக்கு ஸ்டேஷனுக்கு வந்து இதையே சொல்லணும்."

சுந்தரேஷ் சகாதேவனைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். "வரேம்மா" என்றார்.

சகாதேவன் கேட்டை நோக்கி நடந்தான். வேதா அவசரப்படவில்லை. முதல் டிரம்மை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். கடப்பாரையை ஓங்கினாள். இந்தத் தடவை பெயரை வாய்க்குள் சொல்லவில்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்தவனுக்கே கேட்டது.